ஒரே விதை, ஒரு வயலில் அமோகம், அடுத்த வயலில் கருகல்: பழவேற்காட்டு உப்பு சொல்லும் மரபணுக் கணக்கு

‘உப்பைத் தாங்கும் நெல்’ என்று சொல்லி ஒரு ரகத்தைக் கொடுத்தால், அது எல்லா உப்பு நிலத்திலும் விளையுமா? விளையாது என்றால் ஏன்? பயிர் விஞ்ஞானிகள் வரைபடம் போட்டுத் தேடும் ‘மரபணு – சூழல் இடைவினை’ பற்றி ஒரு எளிய விளக்கம்.

விதைக் கடையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “எந்த ரகம் நல்லா வரும்?” என்பதுதான். கடைக்காரரும் ஒரு பெயரைச் சொல்வார். அதே பையிலிருந்து எடுத்த விதை ஒருவர் வயலில் ஏக்கருக்கு முப்பது மூட்டை கொடுக்கும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் வயலில் நாற்றங்காலிலேயே நுனி கருகி நிற்கும். விதை போலி என்று சண்டை வரும். பல நேரங்களில் விதை போலியே இல்லை. அந்த விதைக்குள் இருக்கும் மரபணுவும் அது விழுந்த மண்ணும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு ஏரியை விட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

பழவேற்காட்டில் அப்படி என்ன விசேஷம்?

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவிலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெற்கே ஆரணி ஆறும், ஆந்திரப் பக்கம் காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. ஏரியின் சராசரி ஆழம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்தான்.

ஆழம் குறைவு என்பதால் உப்பு வேகமாக மாறும். கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அக்டோபர் – டிசம்பர் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஏரியின் சில பகுதிகளில் உப்பு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். கோடையில் நீர் ஆவியாகி, முகத்துவாரமும் மணல் மூடி அடைபட்டால், 50 கிராமைத் தாண்டியும் பதிவாகியிருக்கிறது. அதாவது ஒரே ஏரி, ஒரே வருஷத்தில், குடிநீர் மாதிரியும் இருக்கிறது, கடலை விட உப்பாகவும் இருக்கிறது.

ஏரி நீரின் உப்பும் வயல் மண்ணின் உப்பும் ஒன்றல்ல. ஆனால், இரண்டையும் ஆட்டுவிப்பது அதே மழையும் அதே வெயிலும்தான். குப்பங்களில் நெல் வயல் கிடையாது. ஏரியின் மேற்கே, பொன்னேரி வட்டாரத்தில் உண்டு. அங்கே நிலத்தடியிலும் பிரச்சினை இருக்கிறது. மீஞ்சூர் பகுதியில் கடல்நீர் நிலத்துக்குள் ஊடுருவுவது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. நிலத்தடி நீரை அதிகமாக இறைக்க இறைக்க, அந்த உப்பு உள்ளே நகர்ந்தது.

நெல் இதை எவ்வளவு தாங்கும்? மண் சாற்றின் மின் கடத்துத்திறனை வைத்து உப்பை அளப்பார்கள். அலகு டெசிசைமன்ஸ். அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ், ஹாஃப்மன் 1977-ல் வெளியிட்ட கணக்குப்படி, நெல்லுக்கு 3 டெசிசைமன்ஸ் வரை பெரிய பாதிப்பு இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 12% விளைச்சல் குறையும். மண்ணில் 6 இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. கடல்நீரின் கடத்துத்திறன் 50-ஐ ஒட்டி இருக்கும் என்பதால், வயலுக்குள் கொஞ்சம் கசிந்தாலே போதும்.

மரபணு – சூழல் இடைவினை: வலையை வைத்துப் புரிந்துகொள்ளலாம்

பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்று ஒரு பழைய முறை இருக்கிறது. ஏரியில் இறாலுக்குச் சுத்து வலை போடும் இடங்களை, உரிமையுள்ளவர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று இந்த இடம் ஒருவருக்கு என்றால், அடுத்த முறை வேறொருவருக்கு. ஏன் இப்படி? எல்லா இடமும் ஒரே மாதிரி மீன் தராது என்பது அவர்களுக்கு எப்போதோ தெரியும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு வலைகள் இருக்கின்றன. முகத்துவாரம் பக்கம் போட்டால் முதல் வலையில் 10 கிலோ, இரண்டாவதில் 7 கிலோ. ஏரியின் உள்பக்கம் போட்டால் முதல் வலையில் 6, இரண்டாவதில் 3. இரண்டு இடத்திலும் முதல் வலை 3 கிலோ கூடுதல். இதில் குழப்பமே இல்லை. முதல் வலை நல்ல வலை, முகத்துவாரம் நல்ல இடம். வலையின் தாக்கம் தனி, இடத்தின் தாக்கம் தனி.

ஆனால், உள்பக்கம் போட்டபோது முதல் வலையில் 3 கிலோ, இரண்டாவதில் 6 கிலோ வந்தால்? அப்போது “எது நல்ல வலை?” என்று கேட்டால் பதில் கிடையாது. “எங்கே போடப்போறே?” என்று திருப்பிக் கேட்கத்தான் முடியும். இரண்டு இடத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் முதல் வலைக்கு 6.5, இரண்டாவதுக்கும் 6.5. இரண்டும் ஒன்றுதான் என்று சராசரி சொல்லும். உண்மையில் அவை நேர் எதிர்.

வலைக்குப் பதில் நெல் ரகம், இடத்துக்குப் பதில் மண், மழை, வெயில், உரம் என்று வைத்துக்கொண்டால், அதுதான் மரபணு – சூழல் இடைவினை. ஒரு மரபணுவின் பலன் சூழலைப் பொறுத்து கூடுவது, குறைவது, சில சமயம் நன்மையே தீமையாகத் தலைகீழாவது.

இந்த யோசனை எப்போது வந்தது?

சுவாரஸ்யமாக, இதுவும் ஏரியில்தான் ஆரம்பித்தது. ஜெர்மன் விலங்கியலாளர் ரிச்சர்ட் வோல்டரெக், வெவ்வேறு ஏரிகளிலிருந்து எடுத்த நீர்த்தெள்ளு என்ற சின்ன உயிரினத்தை, வெவ்வேறு அளவு உணவு கொடுத்து வளர்த்துப் பார்த்தார். ஒவ்வொரு வம்சமும் உணவுக்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொன்னது. ஓர் உயிருக்கு வம்சாவளியாக வருவது ஒரு குறிப்பிட்ட உருவம் இல்லை, சூழலுக்கு எப்படிப் பதில் சொல்வது என்ற ஒரு பட்டியல்தான் என்று 1909-ல் எழுதினார்.

அதைப் பயிருக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலியாவின் ஃபின்லே, வில்கின்சன். தெற்கு ஆஸ்திரேலியாவில் பல இடங்களில், பல பருவங்களில் 277 பார்லி ரகங்களைப் போட்டுப் பார்த்து 1963-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சில ரகங்கள் வளமான இடத்தில் எகிறின, வறண்ட இடத்தில் படுத்துவிட்டன. சில ரகங்கள் எங்கே போட்டாலும் சுமாராகத் தந்தன. மழை கைவிட்டால் சோற்றுக்கு வழியில்லாத விவசாயிக்கு எது வேண்டும்? முதல் வகையா, இரண்டாவது வகையா? அந்தக் கேள்வி இன்றுவரை தீரவில்லை.

இந்தியாவில் இதற்கான ஏற்பாடு 1965-ல் ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் மேம்பாட்டுத் திட்டம். ஒரு புதிய ரகத்தை நாட்டின் பல மையங்களில் ஒரே நேரத்தில் போட்டு, வருஷக்கணக்கில் பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். உப்பு நிலத்துக்கான சோதனையையும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கடலோர உப்புக்கு ஒன்று, உள்நாட்டுக் களர், உவர் நிலத்துக்கு இன்னொன்று. ‘உப்பு’ என்பது ஒரே சூழல் இல்லை என்பதை ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது.

உப்பை எதிர்க்கும் மரபணு எது?

உப்பில் இருக்கும் சோடியம், வேர் வழியாக ஏறி இலையில் சேர்ந்தால் இலை கருகும். சில நெல் ரகங்கள் மேலே ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தை வழியிலேயே இழுத்துப் பிடித்து, இலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும். கேரளத்தின் பொக்காளி நெல்லில் முதல் குரோமோசோமில் இருக்கும் ஒரு பகுதிக்கு இதில் பெரிய பங்கு இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்கு ‘சால்டால்’ என்று பெயர் வைத்தார்கள். வங்காளத்தின் பாரம்பரிய ரகமான நோனா பொக்ராவை வைத்து, அதே பகுதியில் வேலை செய்யும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2005-ல் பிரித்தெடுத்தார்கள். வங்காளியில் ‘நோனா’ என்றாலே உப்பு. மரபணுவுக்கு விஞ்ஞானம் பெயர் வைக்கும் முன்பே நெல்லுக்கு விவசாயி பெயர் வைத்துவிட்டார்.

தமிழ்நாட்டிலும் குழியடிச்சான், களர்பாலை போன்ற பாரம்பரிய ரகங்கள் உப்பு மண்ணைத் தாங்குபவை என்று விவசாயிகள் காலங்காலமாகப் போட்டவைதான்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நெல் தன் வாழ்நாள் முழுக்க உப்புக்கு ஒரே மாதிரி பயப்படுவதில்லை. முளைக்கும்போது ஓரளவு தாங்கும். இளநாற்றாக இருக்கும்போது ரொம்ப பலவீனம். தூர் கட்டும்போது மறுபடி தாங்கும். பூக்கும்போது மறுபடி பலவீனம். சால்டால் பெரும்பாலும் நாற்றுப் பருவத்துக்கான கவசம். பூக்கும் பருவத்தைக் காப்பாற்ற வேறு மரபணுக்கள் வேண்டும்.

இதைத் திருவள்ளூர் மாவட்டப் பருவங்களோடு சேர்த்துப் பாருங்கள்.

சம்பாவுக்கு ஆகஸ்ட் வாக்கில் நாற்று விடுகிறார்கள். பெருமழை இன்னும் வரவில்லை, கோடை விட்டுப்போன உப்பு மண்ணில் அப்படியே இருக்கும். பூக்கும் நேரத்தில் மழை பெய்து உப்பைக் கழுவியிருக்கும். அப்படியானால் இங்கே நாற்றுப் பருவக் கவசம் உதவும்.

நவரை நேர் எதிர். டிசம்பர், ஜனவரியில் நாற்று விடும்போது மண் மழையில் கழுவப்பட்டிருக்கும். பயிர் வளர வளர வெயில் ஏறி, பூக்கும் நேரத்தில் உப்பு மேலே வரும். நாற்றுக்குக் கவசம் இருந்து என்ன பயன்? சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரிக்கோ வளரும் காலம் பெரும்பாலும் கோடைதான்.

ஒரே வயல், ஒரே மரபணு. ஒரு பருவத்தில் அது உயிர் காக்கும், இன்னொரு பருவத்தில் சும்மா இருக்கும். சூழல் என்பது இடம் மட்டுமில்லை, மாதமும் சேர்ந்ததுதான்.

காற்றும் இதில் சேரும். காற்று வறண்டு வெயில் அடித்தால், செடி அதிக நீரை உறிஞ்சும், அதோடு அதிக சோடியமும் ஏறும். ஈரக்காற்றில் தாங்கிய அதே அளவு உப்பை, வறண்ட காற்றில் அதே ரகம் தாங்காமல் போகலாம்.

பொக்காளியையே கொண்டுவந்து நட்டால் என்ன?

நியாயமான கேள்விதான். ஆனால், பொக்காளி ஒரு விதை மட்டும் இல்லை, அது ஒரு ஏற்பாடு. எர்ணாகுளம், ஆலப்புழா, திருச்சூர் கடலோரத்தில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்கி உப்பைக் கழுவும். மண்ணை மேடு மேடாகக் குவித்து அதில் விதைப்பார்கள். அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுப்பார்கள். மிச்சத் தாள் தண்ணீரில் அழுகி இறாலுக்கு இரையாகும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதே வயலில் இறால். மழைக்கும் உப்புக்கும் அந்த நெல்லுக்கும் நடுவே பல தலைமுறையாகப் போட்ட ஒப்பந்தம் அது.

பழவேற்காட்டில் காலண்டர் வேறு. கேரளத்தில் உப்பு இறங்கும் ஜூன், ஜூலையில் இங்கே உப்பு உச்சத்தை ஒட்டி இருக்கும். இங்கே உப்பு இறங்கும் நவம்பரில் அங்கே இறாலுக்காக உப்புநீரை உள்ளே விடுகிறார்கள். பல பாரம்பரிய நெல் ரகங்கள் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். எனவே, விதைக்கும் மாதத்தை மாற்றினால் செடியின் கணக்கே மாறிவிடலாம்.

அதற்காக வெளியூர் விதை உதவாது என்று அர்த்தமில்லை. 2020-ல் அம்பான் புயல் மேற்கு வங்கத்தின் சுந்தரவன வயல்களில் உப்புநீரை ஏற்றிய பிறகு, பொக்காளி வகையைச் சேர்ந்த வைட்டிலா 11 அங்கே சோதனை முறையில் கொண்டுபோய் நடப்பட்டது. கொண்டுபோகலாம், ஆனால் போட்டுப் பார்த்த பிறகே பரப்ப வேண்டும். சோதனை என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதான்.

களர் வேறு, உவர் வேறு

பேச்சுவழக்கில் இரண்டையும் ‘உப்பு நிலம்’ என்றே சொல்லிவிடுகிறோம். மண்ணியலில் இவை இரண்டு வெவ்வேறு நோய்கள்.

உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். மின் கடத்துத்திறன் 4 டெசிசைமன்ஸுக்கு மேல். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் உப்பு இறங்கும். கடலோரத்தில் பொதுவாக இதுதான்.

களர் நிலத்தில் சோடியம் மண் துகளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பி.ஹெச் 8.5-க்கு மேல் போகும். மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. வெறும் தண்ணீர் கட்டினால் பலன் இல்லை. ஜிப்சம் போட்டு, சோடியத்தை விடுவித்துப் பிறகு வடிக்க வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திருச்சி கல்லூரியில் உருவான டி.ஆர்.ஒய் 1, டி.ஆர்.ஒய் 3 போன்ற ரகங்கள் அந்த வட்டாரத்தின் களர் மண்ணிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அங்கே அவை நம்பிக்கையான ரகங்கள். களரில் ஜெயித்தது என்பதற்காகக் கடலோர உவரிலும் அதே அளவு ஜெயிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. செடி எதிர்கொள்ளும் சோதனையே வேறு. களரில் துத்தநாகப் பற்றாக்குறை ஒரு பெரிய தொல்லை. கடலோரத்தில் உப்பு ஏறி இறங்கும் வேகமும், மழைக்காலத்தில் தேங்கும் வெள்ளமும் தொல்லை.

‘வரைபடம்’ எப்படிப் போடுகிறார்கள்?

இங்கே வரைபடம் என்பது இரண்டு வரைபடங்கள்.

முதலாவது, மரபணு வரைபடம். உப்பைத் தாங்கும் ரகத்தையும் தாங்காத ரகத்தையும் கலப்பு செய்து, அதிலிருந்து நூற்றுக்கணக்கான சந்ததிகளை உருவாக்குவார்கள். ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ.வின் எந்தத் துண்டு எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு எல்லாவற்றையும் பல இடங்களில் நட்டு விளைச்சலை அளப்பார்கள். ஏதாவது ஒரு துண்டு இருக்கும் செடிகள் எல்லாம் தொடர்ந்து நன்றாக வந்தால், அங்கே பயனுள்ள மரபணு இருக்கிறது. இதை கியூ.டி.எல் என்பார்கள். சால்டாலும் இப்படிக் கிடைத்ததுதான். ஒரே துண்டு ஓர் இடத்தில் நல்லது செய்து, இன்னோர் இடத்தில் ஒன்றும் செய்யாமல் போனால், அதுதான் இடைவினையின் தடம்.

இப்போது கலப்பு செய்யாமலே தேடவும் முடிகிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சீன நிறுவனங்களும் சேர்ந்து, 89 நாடுகளின் 3,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகளின் முழு டி.என்.ஏ தகவலை 2014-ல் பொதுவில் வைத்தன. எந்த எழுத்து மாற்றம் எந்தக் குணத்தோடு சேர்ந்து வருகிறது என்று கணினியில் தேடலாம்.

இரண்டாவது, சூழல் வரைபடம். பொதுவாகச் செய்தியில் வராத பாதி இதுதான். சோதனை வயலில் எந்த வாரம் மண்ணில் எவ்வளவு உப்பு, எத்தனை நாள் தண்ணீர் நின்றது, பூக்கும் நேரத்தில் வெப்பம் எவ்வளவு, நிலத்தடி நீர் எத்தனை அடியில் என்று குறிக்க வேண்டும். மண் சென்சார், வானிலைத் தரவு, செயற்கைக்கோள் படம் எல்லாம் இதற்குத்தான். ‘பொன்னேரி’ என்று ஊர் பெயரை மட்டும் எழுதி வைத்தால், அடுத்த வருஷம் மழை மாறும்போது அந்தத் தகவலால் பயனில்லை. ‘நாற்றுப் பருவத்தில் 6 டெசிசைமன்ஸ், பூக்கும்போது 2’ என்று எழுதி வைத்தால், அதே நிலை எங்கே வந்தாலும் பயன்படும்.

இரண்டு வரைபடத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, எந்த ரகம் எந்தச் சூழல் தொகுப்பில் முதலிடம் என்று பிரித்துக் காட்டும் புள்ளியியல் முறைகள் இருக்கின்றன. ஆம்மி, ஜி.ஜி.இ பைப்ளாட் என்பவை அதில் பிரபலம். சோதிக்காத ஒரு வயலில் ஒரு ரகம் எப்படி வரும் என்று டி.என்.ஏ.வையும் வானிலையையும் வைத்துக் கணிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆனால், உள்ளே போடும் தரவு எந்த மண்ணில் எடுத்ததோ, அந்த மண்ணுக்குத்தான் கணிப்பு நம்பகமாக இருக்கும்.

மரபணு திருத்திய நெல் வந்துவிட்டதே, இனி என்ன கவலை?

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான், மரபணு திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். அதில் ஒன்று ‘பூசா டி.எஸ்.டி ரைஸ் 1’. ஆந்திராவில் பிரபலமான எம்.டி.யு 1010 ரகத்தில், வறட்சி, உப்புத் தாங்கும் தன்மையோடு தொடர்புடைய டி.எஸ்.டி என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்து உருவாக்கியது. வெளியிலிருந்து வேறு உயிரின் மரபணுவைச் சேர்க்கவில்லை.

உப்பு, களர் நிலங்களில் இதன் கூடுதல் விளைச்சல் 9.66% முதல் 30.4% வரை என்று அறிவிப்பு சொன்னது. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அதே ரகம், அதே திருத்தம். ஒரு வகை மண்ணில் சுமார் 10% என்றால் இன்னொன்றில் 30%. மரபணு மாறவில்லை, சூழல் மாறியிருக்கிறது. சோதனைத் தரவுகள் பற்றிப் பிறகு விமர்சனமும் எழுந்தது. அந்த வாதமும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: எத்தனை மையம், எந்த மண், எந்த வருஷம்?

மரபணுவைத் திருத்த முடியும் என்பது பெரிய பாய்ச்சல்தான். எதைத் திருத்துவது, திருத்தியதை எங்கே நடுவது என்ற கேள்விகளுக்கு வயல் சோதனையைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

மீனவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முதலில், உப்பு யாருக்கு எதிரி என்பதே இங்கே சிக்கலான கேள்வி. விவசாயிக்கு உப்பு நஷ்டம். மீனவருக்கு முகத்துவாரம் திறந்து கடல்நீர் வந்தால்தான் இறால் குஞ்சு உள்ளே வரும். மடவை, பச்சை நண்டு, வெள்ளை இறால் எல்லாம் கடலும் ஆறும் கலக்கும் அந்தக் கணக்கில் வாழ்பவை. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் வருமானமும் அதில்தான். முகத்துவாரம் அடைந்தால் மீனவர்கள் போராட்டம் நடத்துவது அதனால்தான்.

இரண்டாவது, இறாலுக்கும் இதே மரபணு – சூழல் கணக்கு பொருந்தும். இந்தியாவில் 2009 முதல் பண்ணைகளில் வளரும் வன்னமெய் இறாலின் தாய் இறால்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டு இறக்குமதி ஆகின்றன. நம் ஊர் வெள்ளை இறாலையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் திட்டத்தை, சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் 2022 ஜூனில் தொடங்கினார்கள். வேகமாக வளரும் இறால் எந்த உப்பு அளவில் வேகமாக வளரும் என்பதுதான் அங்கேயும் கேள்வி.

மூன்றாவது, இறால் பண்ணையே சூழலை மாற்றும். கடலோரத்தில் கட்டுப்பாடில்லாத இறால் பண்ணைகளால் நிலமும் நீரும் உப்பாவதை எதிர்த்து, காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் முக்கியத் தீர்ப்பு அளித்தது. உப்பைத் தாங்கும் நெல்லைத் தேடுவது ஒரு பக்கம் இருக்க, உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பதும் தேவை.

நான்காவது, சூழல் வரைபடத்துக்கு வேண்டிய தகவலில் ஒரு பகுதி ஏற்கெனவே குப்பங்களில் இருக்கிறது. எந்த மாதம் தண்ணீர் எங்கே இனிக்கும், எங்கே கரிக்கும், முகத்துவாரம் எப்போது மூடும் என்பதைத் தினமும் ஏரியில் இறங்குபவர்கள் அறிவார்கள். சென்சார் வைப்பதற்கு முன்னால், அதை எங்கே வைப்பது என்று அவர்களைக் கேட்கலாம்.

விதை வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

1. முதலில் மண்ணைப் பரிசோதனை செய்யுங்கள். மின் கடத்துத்திறன், பி.ஹெச் இரண்டும் வேண்டும். முதலாவது கூடினால் உவர், இரண்டாவது கூடினால் களர். இரண்டும் கூடி இருக்கவும் வாய்ப்பு உண்டு.

2. ஒரு தடவை எடுத்த பரிசோதனை போதாது. ஏரியோரத்தில் ஜூலையில் ஒரு எண் வரும், டிசம்பரில் வேறு எண் வரும். நாற்று விடும் முன்பும், பூக்கும் பருவத்திலும் எடுப்பது நல்லது. பாசனக் கிணற்று நீரையும் சேர்த்துப் பரிசோதியுங்கள்.

3. ‘உப்பைத் தாங்கும்’ என்று யாராவது சொன்னால், எந்தப் பருவத்தில் தாங்கும் என்று கேளுங்கள். நாற்றிலா, பூக்கும்போதா?

4. இந்த ரகத்தை எங்கே சோதித்தார்கள்? கடலோர உவரிலா, உள்நாட்டுக் களரிலா? உங்கள் பருவத்திலா, வேறு பருவத்திலா?

5. சராசரி விளைச்சலை மட்டும் கேட்காதீர்கள். மோசமான வருஷத்தில் எவ்வளவு வந்தது என்றும் கேளுங்கள். கடன் வாங்கிப் பயிர் செய்பவருக்கு இரண்டாவது எண்தான் முக்கியம்.

6. புது ரகம் என்றால், முதல் வருஷம் ஒரு மூலையில் மட்டும் போட்டு, பழைய ரகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆராய்ச்சி நிலையம் செய்வதன் சிறிய வடிவம் அது.

வரைபடமும் பழசாகும்

இதில் கடைசியாக ஒரு எச்சரிக்கை. மரபணு வரைபடம் ஒருமுறை போட்டால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சூழல் வரைபடம் அப்படி இல்லை. மழை தள்ளிப்போகிறது, ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது, கடல் மட்டம் ஏறுகிறது, நிலத்தடி நீர் இறங்குகிறது. பத்து வருஷம் முன்பு சோதித்த வயல், இன்று அதே பெயரில் இருக்கும் வேறு வயல்.

அதனால் ஒரு நல்ல ரகத்தை வெளியிட்டதோடு வேலை முடிவதில்லை. உள்ளூர் மண்ணில் வருஷா வருஷம் போட்டுப் பார்க்கும் சோதனைத் திடல்களும், அங்கே மண்ணை அளக்க ஆட்களும் தேவை. ஆய்வகத்துக்குக் கிடைக்கும் பணமும் கவனமும் இந்த வேலைக்கும் கிடைக்க வேண்டும். ஆரணி ஆற்றில் தண்ணீர் வருவதும், முகத்துவாரம் திறந்திருப்பதும், நிலத்தடி நீரை அளவாக இறைப்பதும் சரியாக இல்லையென்றால், எந்த மரபணுவாலும் அதை ஈடுகட்ட முடியாது. விதை பாதிக் கணக்கு, மீதிப் பாதி அது விழும் மண்ணில் இருக்கிறது.